ஒரு பயத்துக்கு ஒரு முடிச்சு

என் மகளுக்கு அம்மை வந்த மூன்றாம் நாள், வலது கண்ணின் கீழிமையில், இமைமயிர் முளைக்கும் இடத்திலேயே ஒரு கொப்புளம் எழும்பியது. அப்போது அவளுக்கு இரண்டு வயது ஏழு மாதம். அந்தக் கண் போய்விடும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். கொப்புளம் இருந்த இடம் ஒரு காரணம். இன்னொரு காரணம் இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள். இருந்தாலும் உள்ளதை எழுதுகிறேன். அந்தக் கொப்புளத்தை நான்தான் ஊசியால் போட்டேன் என்று நம்பினேன்.

மூன்று வாரம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மகளும் மாமியாரும்தான். மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கு எங்கள் விவசாயக் காட்டில் சாமந்தியும் ஆறு ஆடுகளும். எனக்குக் கல்யாணப் பெண்களின் ரவிக்கைக் கைகளில் மயிலும் மாங்காயும் போட்டுக்கொடுக்கும் ஆரி எம்பிராய்டரி வேலை. தருமபுரியில் ஆறு வாரம் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டது.

அந்த வகுப்பில் கூடப் படித்த தோழி ஒருத்தி பெங்களூரில் துணிக் கண்காட்சி நடக்கிறது, அனுமதி இலவசம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். எங்கள் பக்கத்தில் எக்ஸிபிஷன் என்றால் கல்யாண மண்டபத்தில் மேசை போட்டுச் சேலை விற்பது. அப்படித்தான் நினைத்தேன். கணவரும் அப்படித்தான் நினைத்தார். அத்தை, "எனக்குப் பெரிய கட்டம் போட்ட நூல் சேலை ஒண்ணு எடுத்துட்டு வா, மாந்தளிர்க் கலர்ல" என்று சொல்லி அனுப்பினார். காலியாக ஒரு கட்டைப்பையும் எடுத்துக்கொண்டு போனோம்.

உள்ளே போனால் ஒரு மேசைகூட இல்லை. பெரிய வெள்ளைச் சுவர்கள். கூரையிலிருந்து தரைவரைக்கும் நீலச் சாயம் தோய்த்த துணிகள் தொங்கின. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பாதி நெய்து, பாதி வெறும் பாவு நூலாகவே விட்ட சேலை ஒன்று இருந்தது. எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். நான் கட்டைப்பையை மடித்து மடித்து உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

என் மகள் அந்த நீலத் துணிகளுக்கு நடுவில் ஓடினாள். காவலாளி, "முட்டபேடம்மா, முட்டபேடா!" என்று கன்னடத்தில் அதட்டிக்கொண்டு ஓடிவந்தார். தொடாதே என்கிறார் என்று அவர் கையை ஆட்டியதிலேயே தெரிந்தது. குழந்தை தொட்டிருந்தாளா, தொடவில்லையா? அவள் கையில் காலையில் தின்ற பிஸ்கட் இருந்ததா? திரும்பி அந்தத் துணியைப் பார்க்கவே பயமாக இருந்தது. அதற்கப்புறம் அவள் மணிக்கட்டை விடவே இல்லை. வெளியே வந்து பார்த்தபோது என் விரல்கள் நாலும் அவள் கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

கடைசி அறையில் ஒரே ஒரு துணி. பழைய வெள்ளைத் துணி, படுக்கை விரிப்பு அளவு இருக்கும். அதன்மேல் சிவப்பு நூலில் முடிச்சுகள். பூ இல்லை, கொடி இல்லை, கோலம்கூட இல்லை. ஒரு பக்கம் கூட்டமாக, ஒரு பக்கம் ஒன்றும் இல்லாமல் வெறும் முடிச்சுகள். எங்கள் வகுப்பில் அதைப் பிரெஞ்சு நாட் என்பார்கள். ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றிக் குத்தி இறக்கினால் கடுகு அளவில் ஒரு மணி நிற்கும். பக்கத்தில் இருந்த அட்டையைப் படித்தேன். அதைத் தைத்த பெண்ணின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அந்தப் பெண்ணை உள்ளே விடாமல் வெளியே உட்காரவைத்த நாட்களில், பயம் வரும்போதெல்லாம் ஒரு முடிச்சுப் போட்டாராம்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். கேஸ் மூடினேனா என்று மூன்று தடவை பார்ப்பேன். மகள் தூங்கும்போது மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன். இதெல்லாம் எனக்குள்ளேயே இருந்து சுற்றிக்கொண்டிருக்கும். இங்கே ஒருத்தி தன் பயத்தை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள், ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்க்கிறார்கள். அந்த நாள் முழுவதிலும் அந்தத் துணிக்கு முன்னால் நின்ற நேரம்தான் எனக்குப் பயமில்லாத நேரம். கணவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன். போனில் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை கட்டைப்பையைத் திறந்து பார்த்தார்.

"ஏம்மா, சேலை எங்க?"

"விக்கறதில்லீங்கத்தை. பாக்க மட்டுந்தான்."

"துணிக் கண்காட்சின்னுட்டுத் துணியே குடுக்க மாட்டானா? நாளைக்கு ஓட்டலுக்குப் போனா சோத்தப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்புவானா?"

சிரித்தேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம் மகள் தூங்கியதும் அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்தேன். அவள் பிறந்தபோது முதன்முதலாகச் சுற்றிய துணி அது. பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி ஆகாது என்று, கணவரின் துவைத்துத் துவைத்து மெதுவான வேட்டியைத்தான் கிழித்துச் சுற்றினார்கள். அதில் சிவப்பு நூலால் முடிச்சுப் போட ஆரம்பித்தேன். ஒரு பயத்துக்கு ஒரு முடிச்சு. வரைந்துகொள்ளாமல் தைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ரவிக்கைக்கு மயில் போடும்போது பெண்ணின் அம்மாவுக்குப் பிடிக்குமா, மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்வார்களா என்று யோசித்துக்கொண்டே போடுவேன். இதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் நூற்று நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எனக்கும் நெஞ்சுக்குள் கொஞ்சம் இடம் கிடைத்த மாதிரி இருந்தது. அத்தை அந்த நேரம் காட்டில் இருப்பார், அதனால் அவருக்குத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று சிரப் கொடுத்துத் தூங்கவைத்தேன். பயமாக இருந்தது. அதனால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வரிசையாகப் பதினோரு முடிச்சுகள் போட்டேன்.

மறுநாள் காலை சட்டையைக் கழற்றினேன். வயிற்றில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். கடுகு அளவு. ஒரு பக்கம் கூட்டமாக, ஒரு பக்கம் ஒன்றும் இல்லாமல்.

நான் அந்த வயிற்றை ஏற்கெனவே பார்த்திருந்தேன். அலமாரிக்குள் மடித்து வைத்திருந்தேன்.

அத்தை வந்து பார்த்தார். வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிக் கும்பிட்டார். வாசலில் வேப்பிலை செருகினார். தாளிக்காதே, தலை வாராதே, யாரையும் உள்ளே விடாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மகனுக்குப் போன் பண்ணி, "நீ இந்த வாரம் வராத, ஆத்தா வந்திருக்கா" என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மூணு நாளா ஊசி கீசி எடுத்தயா?"

"இல்லீங்கத்தை."

"நெசமா?"

"எடுக்கலீங்க."

"எடுத்திருந்தா சொல்லிரு. ஆத்தா இருக்கற வூட்ல ஊசி எடுத்தா, கண்ணுலதான் எறங்குவா."

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அத்தை அடுத்துக் கேட்டதுதான் இன்னும் மோசம். குழந்தையை வேப்பிலை பரப்பிப் படுக்கவைக்க மெதுவான வெள்ளைத் துணி வேண்டுமாம். "பொறந்தப்ப சுத்துன வேட்டி வெச்சிருந்தயே, அத எடு."

"அது இத்துப்போச்சுங்க" என்று சொல்லி வேறு வேட்டியைக் கொடுத்தேன். ஒரே காலையில் இரண்டு பொய்.

அதற்கு மேல் எல்லாமே எனக்கு எதிராக நின்றன. பணம் கட்டிப் போடும் அம்மைத் தடுப்பூசியை டாக்டர் சீட்டில் எழுதித்தான் கொடுத்திருந்தார், அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிவிட்டோம். அது என் தப்பு. அம்மை ஒட்டி இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும் என்று போனில் படித்தேன். அப்படியானால் பெங்களூர் பஸ்ஸிலோ அந்த மண்டபத்திலோ ஒட்டியிருக்கிறது. அங்கே கூட்டிப்போனதும் நான்தான். இவ்வளவு காரணம் அறிவியலாகவே இருக்கும்போது முடிச்சுகளை ஏன் நினைக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் தோளில் இன்னொன்று எழும்பியிருக்கும்.

மூன்றாம் நாள்தான் கண்ணில் வந்தது.

பத்து மணிக்குள் இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டது. அவள் அழும்போது இடது கண்ணில் மட்டும் கண்ணீர் வந்தது போலத் தெரிந்தது. கணவருக்குப் போன் போட்டேன்.

"டாக்டர்கிட்டப் போயிரட்டுங்களா?"

"அம்மா என்ன சொல்றாங்க?"

"தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக்கூடாதாம்."

"அப்ப அம்மா சொல்றதக் கேளு. இல்ல, கண்ணுங்கறப்ப... நீயே பாத்து ஒரு முடிவு எடு."

எனக்கு ஒரு முடிவும் எடுக்கத் தெரியவில்லை. அத்தையை மீறிப் போய், அங்கே கண் போய்விட்டது என்றால்? போகாமல் இருந்து போய்விட்டால்? அப்போதுதான் அந்தக் கண்காட்சித் துணி நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் அம்மா என்ன ஆனார்? அட்டையில் என்ன எழுதியிருந்தது? போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து கலங்கலாக இருந்தாலும் படிக்க முடிந்தது. பயம் வரும்போதெல்லாம் முடிச்சு என்பதோடு முடிந்திருந்தது. அம்மா பிழைத்தார் என்று ஒரு வரி இல்லை. நான் ஆறுதல் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒருவேளை ஒரு சாவின் துணியா? முன்னால் நின்றபோது அதை ஏன் கேட்டுக்கொள்ளவில்லை?

போனைக் கீழே வைத்தேன். அலமாரியைத் திறந்து துணியை எடுத்துக்கொண்டுபோய் அத்தையின் முன்னால் போட்டேன்.

"நான் பொய் சொன்னங்கத்தை. காய்ச்சல் அன்னிக்கு ஊசி எடுத்தேன். அதுக்கு முன்னாடியும் எடுத்தேன். எல்லாம் இதுல இருக்குது."

அத்தை துணியை விரித்துப் பார்த்தார். அப்புறம் குழந்தையைப் பார்த்தார். மறுபடி துணியைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"பிரி" என்றார். "எல்லாத்தையும் பிரி. கத்திரி எடுக்காத, ஊசி எடுக்காத. நகத்துலயே பிரி. பிரிச்சு முடிச்சதும் டாக்டர்கிட்டப் போலாம்."

அந்த முடிச்சை நகத்தால் பிரிப்பது லேசில்லை. ஒவ்வொன்றையும் பின்பக்கம் இளக்கி, மெதுவாக நூலை மேலே இழுக்க வேண்டும். நாலு பிரிப்பதற்குள் கால் மணி நேரம் ஆனது. நூற்றைம்பதைக் கணக்குப் போட்டேன். கணக்குத்தானே எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் தாண்டிவிடும். அதுவரை அந்தக் கண் அப்படியே இருக்குமா?

துணியை அவர் மடியில் வைத்தேன்.

"நான் டாக்டர்கிட்டப் போறங்கத்தை. வந்து மிச்சத்தப் பிரிக்கறேன். ரா முழுக்க வேணும்னாலும் பிரிக்கறேன். இப்பப் போயிட்டு வந்தர்றேன்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் சொல்லை மீறி நான் ஒரு டம்ளரைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. குழந்தையை வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தெருமுனை ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஏறி உட்கார்ந்தேன். ஆட்டோ கிளம்பப் போகும்போது இன்னொரு பக்கத்தில் அத்தை ஏறினார். ஒரு கையில் வேப்பங்கொத்து, ஒரு கையில் அந்தத் துணி.

"நீ புள்ளையப் பாரு. நான் பிரிக்கறேன்" என்றார். கொத்தை ஆட்டோவின் முன்கம்பியில் செருகச் சொன்னார். ஆட்டோக்காரர் கேட்காமலே செருகிக்கொண்டார்.

அத்தையின் கட்டைவிரல் நகம் சாமந்தி கிள்ளிக் கிள்ளிக் கெட்டியானது. ஆட்டோ குலுங்கக் குலுங்க அவர் என்னைவிட வேகமாகப் பிரித்தார். நகத்துக்கு வராததைப் பல்லால் கடித்து இழுத்தார்.

"இது எதுக்குப் போட்ட?"

"புளியங்கொட்டைய மூக்குல வெச்சுக்கிட்டாளே, அன்னிக்குங்க."

"இது?"

"தண்ணித் தொட்டி மூடி தொறந்து கெடந்துச்சுங்க."

"உழுந்துட்டாளா?"

"இல்லீங்க. தொறந்து கெடந்துச்சு. அதுக்கு."

"உழுவாததுக்கே ஒரு முடிச்சா! இது?"

நான் குழந்தையைச் சுற்றியிருந்த வேட்டியை இழுத்துச் சரிசெய்தேன்.

"கேக்கறனில்ல?"

"நீங்க அவள இடுப்புல வெச்சுக்கிட்டுக் கெணத்த எட்டிப் பாத்தீங்களே, அன்னிக்குங்க."

அத்தை முடிச்சிலிருந்து நகத்தை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓகோ! நானும் இருக்கறனா இதுல?"

"ஒண்ணுதாங்கத்தை."

"நெசமா ஒண்ணுதானா? ஏற்கெனவே ரெண்டு பொய் சொல்லிட்ட."

"மூணுங்க."

முன்னால் ஆட்டோக்காரரின் தோள் குலுங்கியது. "நீ ரோட்டப் பாத்து ஓட்டு சாமி" என்றார் அத்தை. கொஞ்ச தூரம் போனதும் தலை நிமிராமலே சொன்னார்: "உம் புருசன வளத்தப்ப எனக்கு ஊசி புடிக்க நேரம் இருந்திருந்தா ஏழு வேட்டி பத்தாது."

தருமபுரியில் கண் டாக்டர் வீட்டில், அம்மை என்றதும் எங்களை உள்ளே கூப்பிடாமல் வேப்பமரத்தடியில் ஆட்டோவிலேயே இருக்கச் சொன்னார்கள். எல்லோரும் போன பிறகு டாக்டர் கூப்பிட்டார். மருந்து விட்டு, நீல வெளிச்சத்தில் இமையை விரித்துப் பார்த்தார். அவள் கத்திய கத்தலில் எனக்கு அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. இமையில்தான் இருக்கிறது, கருவிழியில் இறங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் வீக்கம் வற்றாமல் பார்வையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு களிம்பு எழுதினார். ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார்.

"தெரியலன்னா என்னங்க சார் அர்த்தம்? இருக்குமா, இருக்காதா?"

"தெரியலன்னுதாம்மா அர்த்தம்."

அந்த ஐந்து நாளும் நான் களிம்பு போட்டேன், அத்தை முடிச்சுப் பிரித்தார். ஒருவர் வேலையை ஒருவர் குறை சொல்லவில்லை. நேரம் தவறாமல் களிம்பு போட அவரே எனக்கு ஞாபகப்படுத்தினார். அவர் கண் அசந்தபோது நானும் நாலைந்து பிரித்தேன். படித்தவள் என்று சொல்லிக்கொள்ள அந்த நேரத்தில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் பிரித்தேன். சில இடங்களில் முடிச்சோடு துணியும் வந்து சின்னச் சின்ன ஓட்டை விழுந்தது. நாலாம் நாள் வீக்கம் குறைந்து கண் பாதி திறந்தது. விரலை ஆட்டிப் பார்த்தேன். அவள் பார்க்கிறாளா, சும்மா அந்தப் பக்கம் திரும்பினாளா என்று தெரியவில்லை. ஒரு நாளில் ஐம்பது தடவை ஆட்டியிருப்பேன். கடைசியில் அவள் என் விரலைப் பிடித்துக் கடித்தாள். அதுகூட இடது கண்ணால் பார்த்துக் கடித்ததாக இருக்கலாம்.

ஐந்தாம் நாள் விடியக்காலை அத்தை மஞ்சளும் வேப்பிலையும் போட்டு முந்தின நாள் வெயிலில் வைத்திருந்த தண்ணீரை அவளுக்கு ஊற்றினார். அப்புறம் கிளம்பினோம்.

டாக்டர் அவளுடைய இடது கண்ணை மூடிவிட்டு, சுவரோரம் ஒரு படத்தைக் காட்டினார். குதிரைப் படம்.

"பாப்பா, இது என்ன?"

மகள் பேசவில்லை. அத்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு கண்ணு. அது என்னா?" என்றார் அத்தை.

"ஆடு" என்றாள் மகள்.

அவ்வளவு பெரிய குதிரை. தெரியவில்லை. இந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. அத்தை, "ஆத்தா!" என்று உட்கார்ந்துவிட்டார். டாக்டர் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வலது கண்ணை மூடி, இடது கண்ணைத் திறந்துவிட்டார். அதே படம்.

"இப்ப சொல்லு. இது என்ன?"

"ஆடு" என்றாள், அதே குரலில், எத்தனை தடவை சொல்வது என்பது போல.

டாக்டர் வேறு வேறு படங்களை இரண்டு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டினார். குடை, பூ, பஸ், எல்லாம் இரண்டு கண்ணாலும் சரியாகச் சொன்னாள். குதிரை மட்டும் இரண்டு கண்ணாலும் ஆடு.

"நல்லாத் தெரியுதும்மா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்றார்.

"எங்கூட்ல ஆடுதாங்க சார் இருக்குது. அது குதிரைய எங்க பாத்துச்சு?" என்று அத்தை எழுந்து நின்று சிரித்தார். டாக்டர் சிரித்தார். மகளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள்.

நான், "இன்னொரு தடவ பாத்துருங்க சார்" என்றேன்.